முதலில் கால், பிறகு எண்: ரிதம் கேமுக்குப் பாட்டின் வேகத்தைப் பிடிப்பது எப்படி?

ஆனிப் பௌர்ணமி. காரைக்காலில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வர, மாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறந்துகொண்டிருந்தன. முன்னால் நாதசுரமும் தவிலும் போயின. கூட்டத்தில் நின்ற கல்லூரி மாணவன் ஒருவன், பாட்டின் வேகத்தைச் சொல்லும் செயலியைத் திறந்து செல்போனை மேளத்தை நோக்கி நீட்டினான். முதலில் 76 என்று காட்டியது. பத்தடி நடந்ததும் 152. தெருமுனையில் 114. மேளமோ ஒரே நடையில்தான் போய்க்கொண்டிருந்தது.

வாசிப்பு நின்ற இடைவேளையில் தவில்காரரிடம் போய், "அண்ணே, இது எத்தனை பிபிஎம்?" என்று கேட்டான்.

"எண்ணெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. கூட நடக்கிறவங்க காலைப் பாரு."

கால் தரையில் படக் கூடாதென்று தலையாலேயே கயிலை ஏறியதாகப் புராணம் சொல்லும் காரைக்கால் அம்மையாரின் ஊரில், காலைப் பார்க்கச் சொன்னார் அவர். பையன் பார்த்தான். கால்கள் 76-இல் விழுந்தன. 152 அதன் இரட்டிப்பு. 114 அதன் ஒன்றரை மடங்கு. செயலி மூன்று முறையும் ஏதோ ஒன்றைச் சரியாகத்தான் எண்ணியது. எதை எண்ண வேண்டும் என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துவைத்திருப்பவருக்குத்தான் ரிதம் கேம் மேப்பிங்கில் வேலை. அந்த வேலையின் முதல் பாடம் இது.

வேலை எங்கே இருக்கிறது?

பாட்டு ஓடும்போது அதன் அடிக்கு ஏற்ப அழுத்தவோ, மிதிக்கவோ, வெட்டவோ சொல்லும் விளையாட்டுதான் ரிதம் கேம். 1998-இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்ட டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனில் காலால் மிதிக்க வேண்டும். 2001-இல் நாம்கோ கொண்டுவந்த தைக்கோ நோ தத்சுஜினில் மேளம் அடிக்க வேண்டும். 2007-இல் ஆஸ்திரேலியாவின் டீன் ஹெர்பர்ட் உருவாக்கிய 'ஓசு'வில் மவுஸைச் சொடுக்க வேண்டும். 2018-இல் செக் நாட்டிலிருந்து வந்த பீட் சேபரில் ஒளிவாளால் வெட்ட வேண்டும். எந்த விளையாட்டானாலும் ஒவ்வொரு பாட்டுக்கும் எந்த நொடியில் எந்தக் குறி வர வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். அந்த எழுத்துக்கு மேப் அல்லது சார்ட் என்று பெயர். எழுதுகிறவர் மேப்பர்.

ஆசை காட்டி ஏமாற்ற வேண்டாம். மேப்பிங் மட்டுமே செய்யும் முழுநேரப் பதவிகள் உலகம் முழுக்கவே குறைவு. ஓசு போன்றவற்றில் பெரும்பாலான மேப்கள் ஆர்வலர்கள் காசு வாங்காமல் செய்பவை. ஆனால் அங்கே கற்கும் கை வேறு பல இடங்களில் சம்பளமாகிறது: விளையாட்டு நிறுவனங்களின் ஒலிப் பிரிவு, பாட்டுக்கு வெட்டும் வீடியோ எடிட்டிங், மேடை விளக்குகளைப் பாட்டோடு ஓடவிடும் வேலை, நடன உடற்பயிற்சிச் செயலிகள். எல்லாவற்றுக்கும் அடித்தளம் ஒன்றுதான்: பாட்டின் வேகத்தைத் துல்லியமாகப் பிடிக்கத் தெரிய வேண்டும். இதற்குப் பெருநகரத்துக்குக் குடிபோக வேண்டியதில்லை. எ டான்ஸ் ஆஃப் ஃபயர் அண்ட் ஐஸ் என்ற புகழ்பெற்ற ரிதம் விளையாட்டைச் செய்தது மலேசியாவின் 7த் பீட் கேம்ஸ் என்னும் சிறிய குழு. நல்ல காதும் ஒரு மடிக்கணினியும் கம்பியுள்ள ஹெட்ஃபோனும் இருந்தால் காரைக்காலிலிருந்தே தொடங்கலாம்.

இரண்டே எண்கள்

மேப்பர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று பிபிஎம்: நிமிடத்துக்கு எத்தனை அடி. 60,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே எத்தனை மில்லி நொடி என்று வரும். 120 என்றால் 500 மில்லி நொடி. 128 என்றால் 468.75.

மற்றொன்று ஆஃப்செட்: கோப்பு ஓடத் தொடங்கியதிலிருந்து முதல் சமம் (தாளச் சுற்றின் முதல் அடி) விழும் வரை எத்தனை மில்லி நொடி. புதியவர்கள் வழுக்குவது இங்கேதான். பாடகர் வாய் திறக்கும் இடத்தில் சமத்தைக் குறிக்கும் கோட்டைப் போட்டுவிடுகிறார்கள். தாளத்துக்கு முன்பே பாட்டு எடுத்தால் அதீதம், தாளம் விழுந்த பின் எடுத்தால் அனாகதம் என்று நம் சங்கீதத்தில் எடுப்பு வகைகளுக்குத் தனித்தனிப் பெயரே உண்டு. சினிமாப் பாட்டுக்கும் இதே கணக்குதான். முதல் சொல் எங்கே என்று தேடாதீர்கள். சமம் எங்கே என்று தேடுங்கள்.

எவ்வளவு துல்லியம் தேவை? ஓசுவின் மிகக் கடினமான அமைப்பில், முழு மதிப்பெண் வாங்க ஆட்டக்காரர் குறியிலிருந்து முன்பின் 20 மில்லி நொடிக்குள் அழுத்த வேண்டும். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. மேளத்திலிருந்து 34 மீட்டர் தள்ளி நின்றால் அடி உங்கள் காதுக்கு 100 மில்லி நொடி தாமதமாக வரும். தவில்காரரின் கை ஒரு பக்கம், ஓசை ஒரு பக்கமாகத் தெரியும். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் இடம். அந்த இடத்தையும் மேப்பரின் பிழை தின்றுவிட்டால் அவர் எப்படி ஆடினாலும் தோற்பார். தோற்றது தன் விரலால் என்றே நினைத்துக்கொள்வார்.

படிப்படியாக

1. கடைசிக் கோப்பை வாங்குங்கள். விளையாட்டில் எந்த ஒலிக்கோப்பு போகப்போகிறதோ அதையே வைத்து வேலையைத் தொடங்குங்கள். 'இப்போதைக்கு இதை வைத்துக்கொள்' என்று தரும் கோப்பில் எடுத்த எண்கள் பின்னால் வீணாகும்.

2. ப்ளூடூத்தைக் கழற்றுங்கள். கம்பியில்லா ஹெட்ஃபோன்களில் ஓசை நூறு, இருநூறு மில்லி நொடி தாமதிப்பது சாதாரணம். படம் பார்க்கும்போது மென்பொருள் அதைச் சரிக்கட்டிவிடும். விசையைத் தட்டி அடி பிடிக்கும்போது யாரும் சரிக்கட்ட மாட்டார்கள்.

3. பாட்டை முழுக்க ஒரு முறை கேளுங்கள். கணினியைத் தொடாதீர்கள். அறைக்குள் நடந்தபடி கேளுங்கள். கால் தானாக எங்கே விழுகிறது, இடையில் எங்கே தடுமாறுகிறது என்று கவனியுங்கள். தடுமாறிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. தட்டிப் பாருங்கள். அரை நிமிடம் பாட்டோடு விசையைத் தட்டினால் தோராயமான எண் கிடைக்கும். 127.6 என்று வந்தால், விடை 127-க்கோ 128-க்கோ பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. குறுந்தாவல். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, தெளிவாகக் கேட்கும் ஒரு சமத்தின் நேரத்தைக் குறியுங்கள். அங்கிருந்து 32 அடி எண்ணி, வந்து சேரும் சமத்தின் நேரத்தையும் குறியுங்கள். அடிகளை 60-ஆல் பெருக்கி, இடையிலுள்ள நொடிகளால் வகுங்கள். 32 அடிக்கு 15 நொடி என்றால் 128.

6. நெடுந்தாவல். பாட்டின் முதல் தெளிவான சமத்தையும் கடைசித் தெளிவான சமத்தையும் எடுங்கள். முதலாவது 1.240 நொடியிலும் கடைசி 188.740 நொடியிலும் இருந்தால் இடைவெளி 187.5 நொடி. இடையில் எத்தனை அடி என்று விரல் விட்டு எண்ண வேண்டாம். குறுந்தாவலில் கிடைத்த எண்ணால் கணக்கிடுங்கள். அந்த எண் கொஞ்சம் பிசகி, அடிகளின் எண்ணிக்கை 399.5 என்று வரலாம். பயப்படாதீர்கள். நாலு அடிச் சுற்றில் போகும் பாட்டில், சமத்திலிருந்து சமத்துக்கு அளந்திருக்கிறீர்கள். எண்ணிக்கை 4-இன் மடங்காகத்தான் இருந்தாக வேண்டும். ஆகவே 400. இப்போது 400-ஐ 60-ஆல் பெருக்கி 187.5-ஆல் வகுத்தால் 128.

இரண்டு தாவல் ஏன்? குறிக்கும்போது கை 10 மில்லி நொடி பிசகுகிறது என்று வையுங்கள். நான்கே அடியில் அளந்தால் அந்தப் பிசகு விடையை 0.68 மாற்றிவிடும். மூன்று நிமிட நீளத்தில் அளந்தால் 0.007-தான் மாற்றும். அதே கை, அதே பிசகு. தூரம் கூடக்கூடப் பிழை கரைகிறது.

7. ஆஃப்செட்டை வையுங்கள். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, கிக் டிரம் போன்ற கூர்மையான ஓசை எழத் தொடங்கும் முனையில் கோட்டைப் போடுங்கள். அலையின் உச்சியில் போடாதீர்கள். உச்சி சற்றுப் பிந்தித்தான் வரும். தவிலென்றால் கழியால் அடிக்கும் தொப்பியின் முழக்கத்தைவிட, விரலில் கூடு மாட்டி அடிக்கும் வலந்தலையின் ஓசை கூர்மையானது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

8. மூன்று இடத்தில் சோதியுங்கள். மேப்பிங் எடிட்டரில், நீங்கள் வைத்த எண்களின்படி 'டக் டக்' என்று அடிக்கும் மெட்ரோனோமை ஓடவிட்டு, பாட்டின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் அரை வேகத்தில் கேளுங்கள். மெட்ரோனோமும் டிரம்மும் ஒரே 'டக்'காகக் கேட்டால் சரி. 'ட-டக்' என்று இரண்டாகப் பிளந்தால் இன்னும் வேலை இருக்கிறது.

பிசகைப் பார்த்து நோயைச் சொல்லுங்கள்

குழுவில் யாராவது 'மேப் ஆஃபா இருக்கு' என்று சொன்னவுடன் எண்களை மனம்போனபடி மாற்றத் தொடங்குவது இந்தத் துறையின் பொதுவியாதி. பிளவு எப்படி நடந்துகொள்கிறது என்று முதலில் பாருங்கள்.

– தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே அளவு பிளவு: ஆஃப்செட் தவறு. பிபிஎம்மைத் தொடாதீர்கள்.

– தொடக்கத்தில் சரி, போகப்போகப் பிளவு விரிகிறது: பிபிஎம் தவறு. மெட்ரோனோம் முந்தினால் உங்கள் எண் கூடுதல், பிந்தினால் குறைவு.

– ஓரிடம் வரை சரி, அங்கே சட்டென்று விலகி, பிறகு அதே அளவில் நிற்கிறது: பாட்டை அங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், அல்லது அரை அடி இடைவெளி விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் புதிய கோடு போடுங்கள்.

– முந்துகிறது, பிந்துகிறது, மறுபடி முந்துகிறது: ஆள் வாசித்த பாட்டு. அதற்குத் தனி வைத்தியம், கீழே வருகிறது.

இரண்டாவது நோய்க்குக் கணக்கு உண்டு. பாட்டின் உண்மையான வேகம் 128. நீங்கள் 127.9 என்று வைத்துவிட்டீர்கள். தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. நாலாவது நிமிட முடிவில் மெட்ரோனோம் 188 மில்லி நொடி பிந்தியிருக்கும். அதற்குள் ஆட்டக்காரர் விளையாட்டை அழித்திருப்பார். மருந்து எளிது: 240 நொடியில் விழ வேண்டிய அடி 240.188-இல் விழுகிறது என்றால், 127.9-ஐ 240.188-ஆல் பெருக்கி 240-ஆல் வகுங்கள். 128 வந்துவிடும்.

பாதியா, இரட்டிப்பா, ஒன்றரையா?

திருவிழாவில் செயலி குழம்பிய இடத்துக்கு வருவோம். 76-க்கும் 152-க்கும் உள்ள உறவு முதல் காலத்துக்கும் இரண்டாம் காலத்துக்கும் உள்ள உறவு. காலப்பிரமாணம் (அடியின் வேகம்) மாறாமல், ஓர் அடிக்குள் விழும் சொற்கள் மட்டும் இரட்டிக்கின்றன. மேப்பிங்கில் இதைத் தவறாக எடுத்தால் குறிகள் இடம் மாறாது. ஆனால் அவை நகரும் வேகமும் சுற்றின் கணக்கும் கெட்டுவிடும். எது சரி என்று முடிவுசெய்ய எளிய வழி கால்தான். கேட்பவர் நடந்தால், தலையசைத்தால், கைதட்டினால் எந்த எண்ணில் தட்டுவாரோ அதை எடுங்கள்.

ஒன்றரை மடங்குப் பிழை இதைவிட ஆபத்தானது. நம் ஊர்ப் பாட்டுக்கென்றே வாய்த்த பிழையும் கூட. டப்பாங்குத்து அடி பெரும்பாலும் ஒவ்வோர் அடியையும் மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடையில் போகிறது. மேப்பிங் எடிட்டர்களோ ஓர் அடியை நாலாகப் பிரித்த கட்டங்களைத்தான் முதலில் விரித்துக் காட்டும். மூன்றாக விழும் சொற்களை இரண்டிரண்டாகக் கட்டி எண்ணிவிட்டால் 76 என்பது 114 ஆகிவிடும். அந்தக் கட்டத்தில் குறிகளை வைத்தால் சில பொருந்தும், சில அந்தரத்தில் நிற்கும். வேகம் தவறு என்று எண்களைத் திருகித் திருகி இரவெல்லாம் போராடுவீர்கள். உண்மையில் பிரிவுதான் தவறு.

சோதிக்க மென்பொருள் வேண்டாம், வாய் போதும். பாட்டு ஓடும்போது காலால் அடியைப் போட்டபடி ஒவ்வோர் அடிக்கும் 'தகதிமி' சொல்லிப் பாருங்கள். நெருடினால் 'தகிட' சொல்லுங்கள். எது ஒட்டுகிறதோ அதுவே நடை. 'தகிட' ஒட்டினால் எடிட்டரில் பிரிவை மூன்றுக்கோ ஆறுக்கோ மாற்றுங்கள். 'தகதகிட' ஒட்டினால் கண்டம், ஐந்து. ஏழு வந்தால் மிஸ்ரம். பிற நாட்டு மேப்பர்கள் எடிட்டரின் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடும் இந்தப் பிரிவுகள், தவில் பழகும் பிள்ளைக்கு மடியில் தாளம் போட்டே பாடமாகியிருக்கும். தேவார மூவருக்கும் முற்பட்ட காரைக்கால் அம்மையார், திருவாலங்காட்டுப் பதிகத்தில் ஏழு சுரங்களையும் வாத்தியங்களையும் பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறார். ஓசையை வகைப்படுத்திப் பெயரிடும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. வேலைக்கான நேர்காணலில் தயங்காமல் அதைப் பயன்படுத்துங்கள்.

ஆள் வாசித்த பாட்டு

கணினியில் கோத்த பாட்டின் வேகம் பெரும்பாலும் முழு எண்ணில் நிற்கும். நெடுந்தாவலில் 127.98 வந்தால் 128 என்று சந்தேகப்பட்டுச் சோதிக்கலாம். தமிழ்த் திரையிசையில் 1980-களில் சீக்குவன்சர் நுழைந்து, 1992-இல் 'ரோஜா' வந்த பிறகு பரவலானது. அதற்கு முந்தைய பாட்டுகளில் வாத்தியக் குழு சேர்ந்து உட்கார்ந்து வாசித்திருக்கும். காரைக்கால் பண்பலை 100.3-இல் ஒலிக்கும் ஒரு பழைய பாட்டை எடுத்து அளந்து பாருங்கள். பல்லவியில் ஒரு வேகம், சரணத்தில் அரைப்புள்ளி கூடுதல், கடைசிப் பல்லவியில் இன்னும் கூடுதல் என்று போகலாம். அங்கே முழு எண்ணுக்குத் திருத்துவது பிழை.

இதற்கு வைத்தியம் பல கோடுகள். மெட்ரோனோம் 10 மில்லி நொடி விலகும் இடத்துக்கு முந்தைய சமத்தில் புதிய கோடு போட்டு, அங்கிருந்து புதிய வேகம் கொடுங்கள். அடிக்கு ஒரு கோடு போட வேண்டாம்; குறிகள் நடுங்கும். வரியின் தொடக்கம், இடையிசையின் தொடக்கம் என்று வாசித்தவர்கள் மூச்சு வாங்கிய இடங்களில் போட்டால் பெரும்பாலும் போதும்.

உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டுமானால் மல்லாரியை எடுங்கள். சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டையில் நாதசுரம் வாசிக்கும் உருப்படி அது. சொற்கட்டு ஒன்றே காலம் மாற்றி மாற்றி வரும். டி. என். ராஜரத்தினம் பிள்ளை பிறந்த திருமருகல் காரைக்காலுக்குப் பக்கத்து ஊர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் மல்லாரி வாசிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. காலம் மாறும்போது அடியின் வேகம் மாறியதா, அடிக்குள் விழும் சொற்கள் மட்டும் கூடினவா என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் எந்த நாட்டுப் பாட்டையும் பிடித்துவிடுவீர்கள். விடையைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. கோர்வை (முத்தாய்ப்பாக வரும் சொற்கட்டு) முடிந்து விழும் இடம் உங்கள் கோட்டில் விழ வேண்டும். விழாவிட்டால் தவறு உங்களுடையது. தவில்காரருடையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கோப்பு செய்யும் குறும்புகள்

எம்பி3 ஆக மாற்றும்போது கோப்பின் தொடக்கத்தில் சிறு மௌனம் சேரும். லேம் என்ற பரவலான குறியாக்கி 576 மாதிரிகளைச் சேர்க்கிறது. ஒலிக்கும்போது குறிவிலக்கி 529 மாதிரிகள் தாமதிக்கும். மொத்தம் 1,105. நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட கோப்பில் இது 25 மில்லி நொடி. சில மென்பொருள்கள் இதைக் கழித்துக் காட்டும், சில காட்டாது. வேவ் கோப்பில் எடுத்த ஆஃப்செட் எம்பி3-இல் பொருந்தாமல் போவது இதனால்தான்.

இன்னொன்று பழைய தலைமுறைப் பொறி. சினிமா நொடிக்கு 24 சட்டங்களில் ஓடும். இந்தியத் தொலைக்காட்சியின் பால் முறைக்கு 25 சட்டம். படத்தைத் தொலைக்காட்சிக்கோ விசிடிக்கோ மாற்றும்போது அப்படியே 25-இல் ஓடவிட்டால், 120 வேகப் பாட்டு 125 ஆகிவிடும். சுருதியும் சற்று ஏறும். ஒரே பாட்டுக்கு இரண்டு பேர் இரண்டு எண் சொல்லி, இரண்டுமே சரியாக இருந்தால் 25-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள். நாடாவிலிருந்தோ இசைத்தட்டிலிருந்தோ எடுத்த கோப்புகளிலும் வேகம் பின்னத்தில் நிற்கும். ஆகவே 'இந்தப் பாட்டின் வேகம்' என்று எழுதாமல் 'இந்தக் கோப்பின் வேகம்' என்றே எழுதிப் பழகுங்கள்.

மென்பொருளை எவ்வளவு நம்பலாம்?

முதல் தோராயத்துக்கு நம்பலாம். பைத்தான் தெரிந்தவர்கள் லிப்ரோசா என்ற இலவசத் தொகுப்பைப் பயன்படுத்துவார்கள். அடி பிடிக்க அதில் இருப்பது டேனியல் எல்லிஸ் 2007-இல் வெளியிட்ட முறை. இயல்பான அமைப்பில் அது 120-ஐ ஒட்டியே விடை தேடத் தொடங்குகிறது. ஒலியை ஏறத்தாழ 23 மில்லி நொடித் துண்டுகளாக நறுக்கிப் பார்ப்பதால், அது சொல்லும் வேகங்கள் படிக்கட்டுப்போலத் தாவும்: 117.45, 123.05, 129.2. நடுவில் எண்ணே கிடையாது. 128 வேகப் பாட்டுக்கு 129.2 என்று பதில் வரும். அதை அப்படியே மேப்பில் போட்டால் ஒரே நிமிடத்தில் ஓர் அடிக்கு மேல் தள்ளிப்போய்விடும்.

நம் தாளங்களுக்கு ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பார்சிலோனாவின் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011-இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டத்தில் ஐஐடி மெட்ராஸும் பங்கேற்றது. ஆதி, ரூபகம், மிஸ்ர சாபு, கண்ட சாபு ஆகிய நான்கு தாளங்களில் கர்நாடக இசைப் பதிவுகளைக் கேட்டு, சமமும் அடிகளும் விழும் நேரங்களை அடையாளமிட்ட தொகுப்பு அதிலிருந்து வந்தது. நிரல் எழுதும் மாணவர்களுக்கு அது நல்ல தொடக்கம். திருவேட்டக்குடியில் இருக்கும் புதுச்சேரி என்ஐடியின் கணினி மாணவரும், தவில் வகுப்புக்குப் போகும் பக்கத்துத் தெருப் பிள்ளையும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அரைக் குழு தயார்.

உரிமை இல்லாமல் தொடாதீர்கள்

சினிமாப் பாட்டில் வரிகளுக்கு ஓர் உரிமை, இசைக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வரிகளுக்கும் இசைக்கும் ஆசிரியரின் காலத்துக்குப் பின் 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு. தியாகராஜர் கீர்த்தனை பொதுச்சொத்து. அதை நேற்று ஒருவர் பாடி வெளியிட்ட பதிவு அவருடையது. வேலைக்கு அனுப்பும் மாதிரிகளில் திறந்த உரிமப் பாட்டுகளையோ, விளையாட்டு நிறுவனமே உரிமம் வாங்கி அனுமதித்த பாட்டுகளையோ பயன்படுத்துங்கள். ஓசுவில் அப்படி அனுமதிபெற்ற கலைஞர்களின் பட்டியலே இருக்கிறது. உள்ளூர் மேளக்காரர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, சம்பளம் கொடுத்து, நீங்களே பதிவுசெய்த மல்லாரி இதைவிட நல்லது. அது வேறு யாருடைய கோப்புறையிலும் இருக்காது.

முதல் மாதத் திட்டம்

முதல் வாரம்: கணினியில் கோத்த பத்துப் பாட்டுகள். இரண்டு எண்களும் எடுத்து, மூன்று இடத்தில் சோதனை. மேப் எழுத வேண்டாம்.

இரண்டாம் வாரம்: ஐந்து குத்துப் பாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் நடை என்ன என்று வாயால் சொல்லி, பிறகு எடிட்டரில் சரிபார்ப்பு.

மூன்றாம் வாரம்: ஆள் வாசித்த இரண்டு பழைய பாட்டுகள். ஒவ்வொன்றிலும் எத்தனை கோடு போட்டீர்கள், ஏன் அந்த இடத்தில் போட்டீர்கள் என்று எழுதிவையுங்கள்.

நான்காம் வாரம்: உரிமைச் சிக்கலில்லாத ஒரு பாட்டுக்கு முழு மேப். அனுபவமுள்ள மூன்று மேப்பர்களிடம் கொடுத்துக் குறை கேளுங்கள். வாதாடாதீர்கள், அவர்கள் சொல்லும் நேரத்துக்குப் போய், பிளவு எந்த வகை என்று பாருங்கள்.

விண்ணப்பத்தோடு மேப்பை மட்டும் அனுப்பாமல், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்க நேரக்குறிப்பும் இணையுங்கள்: கோப்பின் வகை, பிபிஎம், ஆஃப்செட், நடை, கோடுகள் விழும் நேரங்கள், சோதித்த இடங்கள். குழுவில் உங்களுக்குப் பின்னால் வருகிறவர் அந்தப் பக்கத்தை வைத்தே வேலையைத் தொடர முடிய வேண்டும். வேலைக்கு எடுப்பவர் மேப்பை ஆடிப் பார்க்க நேரமில்லாதவராக இருக்கலாம். அந்தப் பக்கத்தைப் படிக்க ஒரு நிமிடம் போதும்.

அடுத்த ஆனியில் அந்த மாணவன் மறுபடி வருவான். இந்த முறை செல்போன் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். மேளத்தோடு பாரதியார் வீதியில் நூறு அடி எடுத்துவைத்து நடக்கட்டும். எத்தனை நொடியில் நடந்தான் என்று கடிகாரத்தைப் பார்த்து, 6,000-ஐ அந்த நொடிகளால் வகுக்கட்டும். 79 நொடி ஆகியிருந்தால் விடை 76-க்கு ஒரு மயிரிழை கீழே.